தாளோடு வந்தவரும் தயவில் வந்தவரும்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் வீட்டுச் சொந்தக்காரர் யார் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு பெண்ணின் பெயர்தான் வரும். கலியாணத்தோடு வீடு மகளின் பெயருக்கு எழுதப்படும். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இந்தச் சீதன வீட்டு வழக்கத்தை விரிவாக எழுதியிருக்கிறார். அதனால் இங்கே ஒரு நல்ல வீடு வாடகைக்குப் போகிறதென்றால், பல நேரம் அந்த வீட்டுக்குரிய பிள்ளை இன்னும் பள்ளிக்கூடம் போகிறாள் என்று பொருள். மாப்பிள்ளை பேசி நாள் குறித்த பிறகு உள்ளேயிருப்பவர் எழும்ப மறுத்தால், வாடகைத் தகராறு கலியாணத் தகராறாகிவிடும்.

எழும்ப மறுப்பவர்களில் இரண்டு வகையினரை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒருவர் நொத்தாரிசு முன்னால் கையெழுத்து வைத்து, முற்பணம் கொடுத்து வந்தவர். தவணை முடிந்தும் போகாதவர். மற்றவர் “கொஞ்ச நாளைக்கு இரிங்க மச்சான்” என்ற ஒரு சொல்லோடு சாவி வாங்கியவர். முதலாமவர் சட்டம் பேசுவார், இரண்டாமவர் நம்ம ஆள், ஒரு சொல்லில் எழும்பிவிடுவார் என்பது ஊர்க் கணக்கு. நீதிமன்றத்துக்குப் போனால் இந்தக் கணக்கு தலைகீழாகிறது.

தாளோடு வந்தவரை முதலில் பார்ப்போம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்து வரும் விதி. அப்படி எழுதிய தாள் கையிலிருந்தால் வீட்டுக்காரர் நிரூபிக்க வேண்டியது கொஞ்சம்தான்: இன்னாருக்கு இத்தனை காலத்துக்குக் கொடுத்தேன், காலம் முடிந்தது. வாடகைக்கு வந்தவர் “இது உங்கட வீடே இல்லை” என்று வாதாட முடியாது. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 116ஆம் பிரிவு அந்த வாயை அடைத்துவிடுகிறது. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் ஒரு காலத்தில் குடியிருப்போர் பக்கமே நன்றாகச் சாய்ந்திருந்தது. அந்தச் சட்டம்கூட, வீட்டுக்காரரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் இன்னொருவரை உள்வாடகைக்கு வைத்தவரைக் காப்பாற்றவில்லை. 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு அதன் பிடி இன்னும் தளர்ந்தது. 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், குத்தகைக்குக் கொடுத்த இடத்தை மாவட்ட நீதிமன்றத்தில் சுருக்கமான நடைமுறையில் மீட்க வழி திறந்திருக்கிறது.

இவரிடமும் ஒரு வழுக்கல் உண்டு. தவணை முடிந்த பிறகும் வழமைபோல வாடகை வாங்கி, வழமைபோலப் பற்றுச்சீட்டும் கொடுத்தால், புதிதாக ஒரு மாதவாடகை தொடங்கிவிட்டது என்று மறுதரப்புச் சட்டத்தரணி வாதாடுவார். காசை வாங்கத்தான் வேண்டுமென்றால் அது நட்டஈடாக வாங்கப்படுகிறது என்று எழுதி வாங்குவது புத்தி.

தயவில் வந்தவர் கதை வேறு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கரையோர வீடுகள் போன குடும்பங்கள் மேற்கே இருந்த சொந்தக்காரர் வளவுகளுக்குள் ஏறின. கேட்காமலே கதவு திறந்தார்கள். அந்த நேரத்தில் யாரும் தாள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் மனிதரில்லை. சிக்கல், சில வீடுகளில் அந்தக் கொஞ்ச நாள் பத்து வருடத்தைத் தாண்டியதுதான். பிள்ளைகள் அங்கேயே பிறந்தார்கள், குசினி நீட்டிக் கட்டப்பட்டது, வாக்காளர் இடாப்பில் அந்த முகவரியே ஏறியது.

இப்போது வீட்டுக்காரி “ஊட்ட உடுங்க” என்கிறாள். உள்ளேயிருப்பவர், “உங்கட வாப்பா எனக்குத் தந்த வளவு இது” என்கிறார். 116ஆம் பிரிவு அனுமதியின் பேரில் வந்தவரையும் கட்டுப்படுத்தும். ஆனால் அனுமதி கொடுத்தேன் என்பதை முதலில் காட்ட வேண்டும்; கொடுத்த வாப்பா மௌத்தாகியிருப்பார். காட்ட முடியாவிட்டால் மிஞ்சுவது உரிமை வழக்கு. அதில் குத்தகைத் தாளுக்குப் பதிலாக உறுதியின் பூர்வீகம் முழுவதையும் பெரியவாப்பா காலத்திலிருந்து நிரூபிக்க வேண்டும். பிரிக்கப்படாத வளவுகளும், கடலோடு போன உறுதிப் பெட்டிகளும் உள்ள இந்தக் கரையில் அது எவ்வளவு இழுபடும் என்று சொல்லத் தேவையில்லை.

மறுதரப்பு 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தையும் தூக்கும்: பத்து வருடம் தடையின்றி, உரிமையாளருக்கு எதிராக ஆண்டேன் என்று. அனுமதியோடு வந்தவருக்கு அது லேசில் கிடைக்காது. எந்த நாளிலிருந்து எதிராக ஆளத் தொடங்கினார் என்பதற்கு வெளிப்படையான ஒரு செயலைக் காட்ட வேண்டும். தோற்கக்கூடிய வாதம்தான், ஆனால் அது தோற்பதற்குள் மகளுக்கு வேறு வீடு கட்டிவிடலாம்.

சொந்தக்காரரிடம் கையெழுத்துக் கேட்பதை நாம் அவமதிப்பாக எடுத்துக்கொள்கிறோம். கடனை எழுதிவைக்கச் சொல்லும் சூரத்துல் பகராவின் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது. அதை ஓதிவிட்டு வந்து, வீட்டுச் சாவியை வெறும் கையால் கொடுக்கிறோம்.

பூட்டை உடைத்துச் சாமானை வீதியில் வைக்கும் யோசனை இரண்டு வகைக்குமே உதவாது. பொலிஸ் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கும். அங்கே பார்ப்பது உறுதியை அல்ல, ஆட்சியை: முந்திய இரண்டு மாதத்துக்குள் வெளியேற்றப்பட்டவர் திரும்ப உள்ளே வைக்கப்படலாம். இதே பிரிவு வீட்டுக்காரருக்கும் வாள்தான். பூட்டிக்கிடந்த வீட்டுக்குள் அன்னியர் நுழைந்தால் அந்த இரண்டு மாதத்தைத் தவறவிடக் கூடாது. கட்டாரில் இருப்பவருக்குச் செய்தி போய், அவர் லீவில் வந்து, பள்ளிவாசலில் பேசிப் பார்ப்பதற்குள் இது ஓடிவிடுவதுண்டு.

தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபோது, வாடகை என்றாலே எழுத்து, அதுவும் பதிவு என்று கட்டாயமாக்கியது. அங்கும் தயவில் வந்த மச்சானைப் பதிவு செய்ய யார் போவார்கள் என்று தெரியவில்லை.

தயவுக்கும் ஒரு பக்கத் தாள் போதும்: வாடகை இல்லை, அனுமதியின் பேரில் இருக்கிறார், கேட்கும்போது எழும்புவார், திகதி, இரண்டு சாட்சி. மின்கட்டணப் பட்டியலும் சோலைவரியும் சொந்தக்காரி பெயரிலேயே இருக்கட்டும். கையெழுத்தையும் அவளே வைக்க வேண்டும். உறுதி மகள் பெயரில் இருக்க, குத்தகைத் தாளில் வாப்பா கையெழுத்து வைப்பது இங்கே சர்வசாதாரணம். அவர் இருக்கும்வரை அவரே வழக்காளியாக நிற்பார். அவருக்குப் பிறகு, தாளோடு வந்தவரை எதிர்க்கவும் மகள் உறுதியின் பூர்வீகத்தைத் தேடி நொத்தாரிசுக் கந்தோருக்கு அலைய வேண்டிவரலாம்.