வர்த்தமானி முந்தும், பாராளுமன்றம் பிந்தும்

2021 மே 6ஆம் திகதி வெளியான 2226/48ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானியோட, இரசாயன உர இறக்குமதி நிண்டுபோச்சு. அதுக்குப் பிறகு சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வட்டைகள்ல நடந்தத நம்மட ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்ல. யூரியா மூடைக்கு அலைஞ்சதும், வெளிறி நின்ற பயிரும் மறக்குமா? ஆனா நாம கேட்காம விட்ட கேள்வி ஒண்டு இருக்கு: இவ்வளவு பெரிய செலவ விவசாயி தலையில ஏத்தின கட்டளைய, பாராளுமன்றம் முதல்ல ஏன் பார்க்கல்ல?

அந்தத் தடை ஒரு சட்டமல்ல. 1969ஆம் ஆண்டின் இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் தந்த அதிகாரத்தில் நிதியமைச்சர் போட்ட ஒழுங்குவிதி. நமது நாட்டில் வழமை இதுதான்: ஒழுங்குவிதி வர்த்தமானியில் வந்தவுடன் அமுலாகும், பிறகுதான் சபையின் அங்கீகாரத்துக்குப் போகும். சபை நிராகரித்தாலும் அன்றிலிருந்துதான் செல்லாது. அதுவரை நடந்தது நடந்ததுதான். அமெரிக்காவில் 1996இல் வந்த சட்டப்படி, ஆண்டுக்கு 10 கோடி டொலர் அளவில் பாதிப்புள்ள விதிகள் காங்கிரசுக்குப் போய், பொதுவாக 60 நாள் காத்திருக்க வேண்டும்.

இஞ்ச காத்திருந்தது விவசாயிதான். 2019 தேர்தல் விஞ்ஞாபனம் பத்து வருடத்தில் சேதனப் பசளைக்கு மாறுவதாகச் சொன்னது. வர்த்தமானி ஒரே நாளில் மாற்றியது. நவம்பர் கடைசியில் தடை நீங்கும்போது பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்தது. நாட்டின் நெல் விளைச்சல் 2021இல் சுமார் 51 இலட்சம் தொன், 2022இல் சுமார் 34 இலட்சம் தொன். நட்டஈடாக அரசு ஒதுக்குவதாகச் சொன்னது 4,000 கோடி ரூபா. அதுவும் மக்கள்ர காசுதான்.

"அரசாங்கத்துக்கு மூன்றில் இரண்டு இருந்திச்சே, சபைக்குப் போனாலும் கை தூக்கியிருப்பாங்க" எண்டு சொல்லலாம். சரிதான். ஆனா விதைக்க முன்னமே செலவுக் கணக்கு ஹன்சாட்ல ஏறியிருக்கும். நம்மட எம்பிமார் எந்தப் பக்கம் நிண்டாங்க எண்டும் தெரிஞ்சிருக்கும்.

அவசரம் எண்டால் உடனே கட்டளை போடத்தான் வேணும். ஆனா ஜனாஸாக்களை எரிக்க வைத்த 2020 ஏப்ரல் ஒழுங்குவிதியும் அவசரம் எண்ட பேர்லதான் வந்தது, 2021 பெப்ரவரி வரைக்கும் நீடிச்சது. அதனால அவசர விதி குறித்த நாளுக்குள்ள அங்கீகாரம் கிடைக்காட்டி தானா காலாவதியாகணும். செலவு வைக்கிற விதி முதல்ல சபைக்கு வரணும், பிறகு வட்டைக்கு வரட்டும்.