இலவசத்துக்கு அடியில் ஒரு விலைச்சீட்டு

ஓடும் நீரில் நுண்துகள்களைத் தூவி, லேசர் பாய்ச்சி, கண் இமைக்கும் நேரத்துக்குள் இரண்டு படம் எடுக்கிறார்கள். துகள்கள் நகர்ந்த தூரத்தை இடைவெளி நேரத்தால் வகுத்தால் நீரின் வேகம். இதற்குப் பெயர் 'பிஐவி'. 1991-ல் வில்லர்ட்டும் கரீபும் ஃபிலிமை விட்டு டிஜிட்டல் படங்களிலேயே இதைச் செய்து காட்டினார்கள். அப்புறம் பாரமெல்லாம் மென்பொருள் தலையில்.

பறவைகளின் சிறகடிப்பை கிரோனிங்கனில் முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்த வில்லியம் தீலிக்கே, 'பிஐவிலேப்' எழுதி இலவசமாகவே கொடுத்தார். 2014-ல் ஸ்டாம்ஹுயிஸுடன் அதுபற்றிக் கட்டுரையும் வெளியிட்டார். நல்ல மனசுதான். ஆனால் என் காமர்ஸ் புத்தி விலைச்சீட்டைத் தேடியது: நிரலைத் திருத்தி ஓட்ட மேட்லேப் வேண்டும், அது காசு!

முன்பு மேட்லேப்பில் 'உராபிஐவி' எழுதிய குர்காவும் லிபர்சானும் இருந்த 'ஓப்பன்பிஐவி' குழு, பைத்தானிலும் எழுதியது. பைத்தானுக்குக் காசில்லை. என் ஓட்டு இதற்குத்தான். உங்கள் ஓட்டு?