பலகாரச் சட்டியின் கதை

ஜூபிலி மலர் என்றால் ஆலயம் எழும்பிய வரலாறு, பங்கைப் பேணி வளர்த்த குருக்களின் வரிசை, கோபுரம், மணி, தேர், பக்தசபைகள் ஆகியவை அதில் இடம்பெறுவது முறை. அவற்றுக்கெல்லாம் ஏடுகள் இருக்கின்றன. ஞானஸ்நானப் பதிவேட்டையும் திருமணப் பதிவேட்டையும் அடக்கப் பதிவேட்டையும் புரட்டினால் யார் எந்நாளில் பிறந்தார், யார் யாரை மணந்தார், யார் எப்போது இறைவனடி சேர்ந்தார் என்பதை அறியலாம். ஆனால் கிறிஸ்து பிறப்பு விழாவன்று நம் முன்னோர் என்ன உண்டனர் என்பதை எந்தப் பதிவேடும் சொல்வதில்லை. அந்த வரலாறு நம் தாய்மாரின் கைப்பழக்கத்திலும் நம் நாவின் நினைவிலும் மட்டுமே இருந்துவருகிறது. எழுதி வைக்காவிட்டால் அடுத்த ஜூபிலிக்கு அது இராது. ஆகவே இம்மலரில் சில பக்கங்களை அடுப்படிக்கென ஒதுக்கினோம்.

நம் ஆண்டவரின் பிறப்பே உணவோடு தொடர்புடையது. பெத்லகேம் என்னும் எபிரேயச் சொல்லுக்கு ‘அப்பத்தின் வீடு’ என்று பொருள். பிறந்த பாலனைக் கிடத்திய இடமோ மாட்டுக்குத் தீவனம் வைக்கும் தொட்டி. ஆயினும் திருச்சபை இவ்விழாவை விருந்தில் தொடங்கவில்லை, பசியில் தொடங்கியது. 6-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சு தேசத்தின் மாக்கோன் நகரில் கூடிய ஆயர்கள், நவம்பர் 11-ஆம் நாளாகிய அர்ச். மார்ட்டின் திருநாள் முதல் கிறிஸ்து பிறப்பு வரை திங்கள், புதன், வெள்ளிக் கிழமைகளில் நோன்பு காக்க வேண்டுமென்று விதித்தனர். நம் அண்டை நாடாகிய கேரளத்தில் சீரோ மலபார் மக்கள் டிசம்பர் 1 முதல் 24 வரை மீனும் இறைச்சியும் நீக்கி ‘இருபத்தைந்து நோன்பு’ காப்பது இன்றைக்கும் வழக்கில் உள்ளது. அவர்களது கிறிஸ்துமஸ் காலையின் ஆப்பமும் இறைச்சி ஸ்டூவும் ஏன் அத்தனை பெயர் பெற்றன என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

நம் வீடுகளில் ‘ஒருசந்தி’, ‘சுத்தபோசனம்’ என்னும் சொற்கள் வழங்கிவந்தன. இளையோருக்காகச் சொல்கிறோம்: ஒருசந்தி என்பது நாளொன்றுக்கு ஒரே ஒரு நிறைவேளை உணவு, சுத்தபோசனம் என்பது இறைச்சி தவிர்த்தல். 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் டிசம்பர் 24-ஆம் நாள் இரண்டுக்கும் உரிய நாளாகக் குறிக்கப்பட்டிருந்தது. (நாட்டுக்கு நாடு தளர்வுகள் அளிக்கப்பட்டதும் உண்டு.) மேலும், விடியற்காலைப் பூசையில் நன்மை வாங்க விரும்பியவர் நடுச்சாமத்துக்குப் பின் பச்சைத் தண்ணீரும் பருகலாகாது. பலகாரங்களோ முந்தின வாரமே சுட்டு அடுக்கப்பட்டுவிடும். வெல்லப்பாகின் மணமும் எண்ணெயின் மணமும் வீடெங்கும் நிற்க, டப்பாவின் மூடியைப் பிள்ளைகள் சுற்றிச் சுற்றி வருவார்கள். “பாலன் பிறக்கட்டும், அப்புறம்” என்பதே பாட்டிமாரின் ஒரே பதில். மறைக்கல்வி வகுப்பில் திருவருகைக் காலத்தைப்பற்றி எத்தனை மணி நேரம் போதித்தாலும் அந்த ஒரு பதிலுக்கு ஈடாகாது என்பது நமது எண்ணம்.

பின்னர் சட்டம் படிப்படியாக இளகியது. 1953-இல் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர், தண்ணீர் பருகுவதால் நற்கருணை நோன்பு முறியாது என்று அறிவித்தார். 1957-இல் அவரே அந்நோன்பை உணவுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்தார். 1959-இல் திருத்தந்தை 23-ஆம் அருளப்பர், விரும்புவோர் 24-ஆம் தேதிய ஒருசந்தியை 23-ஆம் தேதியே அனுசரித்துக்கொள்ள அனுமதித்தார். 1964-இல் திருத்தந்தை 6-ஆம் சின்னப்பர் நற்கருணை நோன்பை ஒரு மணி நேரமாக்கினார். 1966-இல் அவர் வெளியிட்ட சட்டத்தின்படி விபூதிப் புதனும் பெரிய வெள்ளியுமே பொதுவான ஒருசந்தி நாட்களாக நின்றன. இத்தளர்வுகள் வேண்டியவையே. இரவுவேலை முடித்து வரும் தொழிலாளிக்கும், நோயாளிக்கும், பிள்ளைத்தாய்ச்சிக்கும் திருப்பந்தி அருகில் வந்தது. ஆனால் இருபத்துநாலு மணி நேரம் காத்திருந்த வாயில் விழுந்த முதல் அதிரசத்தின் சுவை, காலை முதல் தின்றுகொண்டே இருப்பவனுக்குக் கிட்டுமா என்பதைப் பெரியவர்களே சொல்லட்டும்.

நோன்பிலிருந்தே பலகாரம் பிறந்த கதையை ஜெர்மனி தேசத்தில் காணலாம். அங்கு கிறிஸ்துமஸுக்கு ‘ஸ்டோலன்’ என்னும் நீண்ட ரொட்டி சுடுவார்கள். மேலே வெள்ளைச் சர்க்கரை தூவிய அது, துணியில் சுற்றிய பாலனைக் குறிப்பதாகச் சொல்லுவர். ஆதியில் அதில் சுவையே இல்லை. நோன்புக் காலத்தில் வெண்ணெயும் பாலும் ஆகாது என்றபடியால் மாவை எண்ணெயில் பிசைந்தனர். சாக்சனி நாட்டு ஆட்சியாளர்கள் உரோமைக்கு விண்ணப்பித்து, 1491-இல் திருத்தந்தை 8-ஆம் இன்னசென்ட் வெண்ணெய்க்கு அனுமதி தந்தார். ஆலயத் திருப்பணிக்குக் காணிக்கை தரவேண்டும் என்ற நிபந்தனையும் உடன் வந்தது. பிரான்சு தேசத்து ரூவான் பேராலயத்தில் இத்தகைய காணிக்கையைக்கொண்டு எழுப்பிய கோபுரத்துக்கு இன்றும் ‘வெண்ணெய்க் கோபுரம்’ என்றே பெயர். போலந்து மக்களோ டிசம்பர் 24 மாலை முதல் விண்மீன் தோன்றும்வரை காத்திருந்து, அப்பத்தகடு ஒன்றை ஒருவர்க்கொருவர் பிட்டுக்கொடுத்து, பிறகே இறைச்சியில்லாத இரவுணவுக்கு அமர்கின்றனர். எதிர்பாராமல் வரும் விருந்தினருக்கென்று ஓர் இடம் காலியாகவே விடப்படும்.

பிலிப்பைன் தீவுகளின் வழக்கமோ நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாட்களும் விடியுமுன் பூசை நடக்கும். பூசை முடிந்து வரும் மக்களுக்கு ஆலய வாசலிலேயே மூங்கிற் குழலில் அரிசிமாவை ஆவியில் வேகவைத்து, தேங்காய்த் துருவலும் வெல்லமும் சேர்த்துத் தருகிறார்கள். ஊதா நிறம் ஒன்றைத் தவிர்த்தால் அது நம்முடைய குழாய்ப் புட்டேதான்! மற்றொன்று, மண் சட்டியில் வாழையிலை விரித்து மாவை ஊற்றி, கீழும் மேலும் தணல் வைத்துச் சுடும் அப்பம். ‘வெதுப்படுப்பு’ இல்லாத நம் வீடுகளில், மணல் பரப்பிய பாத்திரத்தில் கேக்குத் தட்டை இறக்கி, மூடிமேல் தணலைக் கொட்டிச் சுட்டார்களே, அதே முறை.

இனி நம் கரைக்கு வருவோம். முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் 1535 முதல் 1537-க்குள் திருமுழுக்குப் பெற்றனர், 1542-இல் அர்ச். பிரான்சிஸ் சவேரியார் அவர்களிடம் வந்தார். அந்த நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கப்பல்களோடு அமெரிக்கக் கண்டத்து விளைபொருள்களும் இந்தியாவில் இறங்கின. மிளகாய், முந்திரிக்கொட்டை, அன்னாசி, பப்பாளி, கொய்யா யாவும் அவ்வாறு வந்தவை. நம் விருந்தை வைக்கும் ‘மேசை’யும், பானம் ஊற்றும் ‘கோப்பை’யும் அவர்கள் மொழியிலிருந்து நாம் பெற்ற சொற்கள். ஈழத்துச் சகோதரர்கள் கிறிஸ்துமஸை ‘நத்தார்’ என்றும் ரொட்டியைப் ‘பாண்’ என்றும் அழைப்பதும் அதனாலேயே. இன்று கிறிஸ்துமஸ் காலையில் இட்லியோடு இறங்கும் சிவந்த ஆட்டுக்கறிக் குழம்பு நம் மூதாதையரின் பழங்குழம்பு என்று எண்ணுவோர் உண்டு. மிளகாய் பரவும் முன்பு காரத்துக்கு இருந்தது மிளகே. அந்தக் குழம்பு கறுப்பாகத்தான் இருந்திருக்கும்.

மிளகின் பெயரை மிளகாய் வாங்கிக்கொண்டது போலவே முந்திரிக்கும் நேர்ந்தது. ‘முந்திரிகை’, ‘கொடிமுந்திரி’ என்று தமிழில் முதலில் வழங்கியது திராட்சைக் கொடியே. கப்பலில் வந்த கொட்டை அப்பெயரைப் பற்றிக்கொண்டது. இதை விரித்துச் சொல்வதற்குக் காரணம் நம் தென்பகுதியின் முந்திரிக்கொத்து. “முந்திரிப்பருப்பே இல்லாத பலகாரத்துக்கு ஏன் இந்தப் பெயர்?” என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பாசிப்பயற்றை வறுத்து உடைத்து, வெல்லப்பாகும் தேங்காயும் ஏலமும் சுக்கும் கூட்டிச் சிறு உருண்டைகளாகப் பிடித்து, மஞ்சள் சேர்த்த அரிசிமாவுக் கரைசலில் தோய்த்து, மூன்று மூன்றாக ஒட்டவிட்டு எண்ணெயில் பொரிப்பார்கள். வெந்து வரும்போது அது திராட்சைக் குலைபோலவே இருக்கும். பாடுபட்டுச் செய்யவேண்டிய பண்டம் இது. பாகு முறுகினால் உருண்டை கல்லாகும், இளகினால் எண்ணெயில் கரையும். ஒருத்தி தனியே செய்யவும் இயலாது: ஒருவர் பிடிக்க, ஒருவர் தோய்க்க, ஒருவர் எடுக்க வேண்டும். இன்று எந்த வீட்டுக்கு எந்த வீட்டார் பொரிக்கப் போனார்கள் என்று கணக்கு வைத்து, நாளைக்கு இவர்கள் அங்கே போவார்கள். பேசாதிருந்த நாத்தனார்மார் சட்டியருகில் பேசிக்கொண்டதும் உண்டு. முறுக்கும் அச்சு முறுக்கும் கலகலாவும் இவ்வாறே பல கைகள் கூடிச் செய்தவை. இவற்றில் முந்திரிக்கொத்தே இன்று முதலில் மறைந்துவருகிறது. கடையில் வாங்கும் பெட்டியில் அதற்கு இடமில்லை.

தூத்துக்குடி மக்ரூனைச் சொல்லாமல் விட்டால் நம் வாசகர் பொறுக்கமாட்டார்கள். ஐரோப்பாவில் வாதுமைப் பருப்பில் செய்வதை நம்மவர்கள் முந்திரிப்பருப்பில் செய்தனர். முட்டையின் வெண்கருவையும் சர்க்கரையையும் நுரை பொங்க அடித்துக் கூம்பாகப் பிழிந்து மெல்லிய சூட்டில் உலரவிடுவார்கள். கேக்கின் வருகை இவற்றுக்கெல்லாம் பிந்தியது. 1883-ஆம் ஆண்டு டிசம்பரில் மலபாரின் தலச்சேரியில் மம்பள்ளி பாப்பு என்பவர், மர்டாக் பிரவுன் என்னும் ஆங்கிலேயத் தோட்டக்காரர் காட்டிய மாதிரியைப் பார்த்துக் கிறிஸ்துமஸ் கேக்கு ஒன்றைச் சுட்டார் என்றும், பிராந்திக்குப் பதில் உள்ளூரில் வடித்த பழச்சாராயத்தைச் சேர்த்தார் என்றும் அக்குடும்பத்தார் கூறிவருகின்றனர். நம் கிராமங்களில் கேக்கு எல்லா வீட்டுக்கும் எட்டியது வெகு பிற்பாடுதான்.

எல்லா வீட்டிலும் சட்டி ஏறியதா என்ற கேள்வியையும் தாண்டிச் செல்ல மனமில்லை. 1950-களிலும் 1960-களிலும் அமெரிக்கக் கத்தோலிக்க நிவாரண சேவையின் வழியே கோதுமையும் பால்பவுடரும் எண்ணெயும் இந்தியாவின் பல பங்குகளில் வழங்கப்பட்டன. மாவுக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள் என்ற ஏச்சையும் நம் மக்கள் அக்காலத்தில் கேட்டார்கள். நானூறு ஆண்டுகளாக வேதத்தில் இருந்த குடும்பங்களும் அதைக் கேட்டன. பஞ்சகாலத்தில் வரிசையில் நின்று மாவு வாங்கிய தாய், அதில் கொஞ்சம் ஒதுக்கிப் பிள்ளைகளுக்கு விழா நாளில் ஏதோ ஒன்று பொரித்துக் கொடுத்தாள் என்றால் அது வெட்கத்துக்குரிய வரலாறு அன்று.

பானத்தைப் பற்றிச் சொல்லும்போது சற்றுக் கடுமையாகவே சொல்லவேண்டியிருக்கிறது. திருப்பலிக்குரிய இரசம் கலப்பற்ற திராட்சை இரசமாக இருக்கவேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். சென்னை மாகாணத்தில் 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்குத் தொடங்கி 1948-இல் மாகாணமெங்கும் பரவியபோதும் பீடத்தின் இரசத்துக்குத் தடை இருக்கவில்லை. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் கறுப்புத் திராட்சையையும் சர்க்கரையையும் சாடியில் ஊறவைத்து, கேக்கோடு சிறு கோப்பையில் விருந்தினர்க்கு அளிப்பது பழைய வழக்கம். அதன் அளவு ஒரு வாய், இரண்டு வாய். 1971-இல் தமிழ்நாட்டில் மதுவிலக்கு ஒத்திவைக்கப்பட்டது; இடையிடையே மீண்டும் வந்து போனது; 2003 முதல் சில்லறை விற்பனையையும் அரசின் வாணிபக் கழகமே நடத்திவருகிறது. விழாவுக்கு முந்தின நாள் கூலியில் எவ்வளவு பலகாரச் சட்டிக்கு வருகிறது, எவ்வளவு வழியிலேயே நின்றுவிடுகிறது என்பது நம் தாய்மாருக்குத் தெரியும். நள்ளிரவுத் திருப்பலியில் ஆண்கள் பக்கம் வெறுமையாயிருக்கும் இடங்களை எண்ணிப் பார்த்தவர்களுக்கும் தெரியும். போலந்தில் இடம் விடுவது வரப்போகும் விருந்தினருக்காக; இங்கே இடம் காலியாவது வீட்டுக்காரன் வராததால்.

இனித் தட்டு. அண்டை வீட்டார் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நமக்குத் தருவார்கள். நோன்புப் பெருநாளுக்கு முஸ்லீம் நண்பர்கள் தருவார்கள். கிறிஸ்துமஸ் நம் முறை. முட்டை சேராத பண்டம் எந்த வீட்டுக்கு, கேக்கு எந்த வீட்டுக்கு என்று அம்மாக்கள் பிரித்துவைப்பதில் பெரிய அறிவு இருக்கிறது. டிசம்பர் நமக்குத் திருவருகைக் காலம் என்றால் அவர்களுக்கு மார்கழி. அவர்கள் வீட்டிலும் விடியுமுன் எழுகிறார்கள். கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டவர் அயல்வீட்டில் இருந்தால், விரதம் முடியும்வரை அவர் பிறர் வீட்டில் சமைத்ததை உண்ணமாட்டார். அவருடைய பங்கை நம்மவர்கள் தனி டப்பாவில் எடுத்துவைப்பார்கள். அவர் மலையிறங்கி வந்து மாலையைக் கழற்றியதும் தட்டு அங்கே போகும். நம்முடைய முந்திரிக்கொத்து பத்து நாளானாலும் கெடாது. தட்டு திரும்பி வரும்போது அதில் ஒரு கைப்பிடி சர்க்கரையோ, ஒரு சீப்பு வாழைப்பழமோ இருக்கும். வெறுந்தட்டாக எவரும் திருப்பியதில்லை.