எல்லையூரும் உபவிதிகளும்

மலாக்காவின் வட எல்லையில், நெகிரி செம்பிலானை ஒட்டி அமைந்த ஊர் லூபோக் சீனா. ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்வெல்லை இரு சட்ட மரபுகளைப் பிரித்து நின்றது. மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களுள் ஒன்று. அங்கே முனிசிபல் சட்டம். நெகிரி செம்பிலான் ஐக்கிய மலாய் மாநிலங்களுள் ஒன்று. அங்கே நகர வாரியச் சட்டம். 1952-இல் உள்ளூர் மன்றச் சட்டமும் இவற்றோடு சேர்ந்தது.

1965-இல் செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச விசாரணைக் குழு, மேற்கு மலேசியாவில் 374 ஸ்தல ஸ்தாபனங்கள் இருக்கக் கண்டது. அவை பல வகையின. அவற்றை ஆண்ட சட்டங்களும் பல. 1976-ஆம் ஆண்டின் ஸ்தல ஆட்சிச் சட்டம் இச்சிதறலை ஒழுங்குபடுத்த வந்தது.

ஆயினும் உபவிதி இயற்றும் அதிகாரம் அந்தந்த மன்றத்திடமே உள்ளது. மாநில அரசு உறுதி செய்தபின் அது செல்லும். நாடாளுமன்றச் சட்டத்துக்கு முரணான உபவிதி, முரண்படும் அளவுக்குச் செல்லாது என்கிறது விளக்கச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு. ஆனால் முரணை நிலைநாட்ட நீதிமன்றப் படியேற வேண்டியவர் சிறு கடைக்காரர். மேலும், அண்டை மன்றங்கள் இரண்டின் உபவிதிகள் தம்முள் வேறுபட்டால் அப்பிரிவு உதவாது.

அங்கே வரைபவரின் கவனமே மருந்து. மூலச் சட்டத்தின் சொற்பொருளையே கையாளுதல், அண்டை மன்றத்தின் விதியோடு ஒப்பிடுதல், பழைய விதியைப் பெயர் சொல்லி நீக்குதல் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. 1984-இன் சீரான கட்டட உபவிதிகள் பொது வாசகம் ஒன்று இயலும் எனக் காட்டின. ஏனைய துறைகளும் அவ்வழி செல்லின், எல்லையூர் மக்கள் இரு விதிகளுக்கிடையே இடர்ப்படார்.