அடுப்பு ஏற்றக்கூடாத வண்டி

என் அக்கா மகன் அமெரிக்காவில் இருக்கிறான். போன மாதம் ஒருநாள் ராத்திரி அவனிடமிருந்து போன்.

‘மாமா, பத்து நாள் டூர் போறோம். மோட்டார் ஹோம் வாடகைக்கு எடுத்திருக்கோம். ஈஸியா சமைக்கிற மாதிரி, அவசரத்துக்குக் கைகொடுக்கிற மாதிரி என்னென்ன எடுத்துட்டுப் போகலாம்? பாட்டிகிட்டே கேட்டுச் சொல்லுங்களேன்!’

மோட்டார் ஹோம் என்றால் வேறொன்றுமில்லை. சினிமா ஷூட்டிங்கில் ஹீரோ ஏறி உட்கார்ந்துகொள்வாரே, அந்த கேரவனின் ஒன்றுவிட்ட அண்ணன். படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா பிறந்த ஊர் விருதுநகர். ‘வண்டிக்குள்ளயே அடுப்பு இருக்கா?’ என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். இருக்கிறது என்றேன். ‘அப்புறம் என்ன கவலை அவனுக்கு? எங்க தாத்தாவெல்லாம் மாட்டு வண்டியை அவுத்துப் போட்டுட்டு, மூணு கல்லைக் கூட்டித்தான் சோறு பொங்குனாங்க’ என்று சொல்லிவிட்டு சீரியல் பார்க்கப் போய்விட்டாள்.

எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. அந்த மூன்று கல்லுக்குப் பின்னால் பெரிய கதை ஒன்று இருக்கிறது. சொல்கிறேன், கேளுங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு. திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டிலிருந்து நாடார் வியாபாரிகள் வடக்கே கிளம்புகிறார்கள். கருப்பட்டி, உப்பு, கருவாடு. ஆரம்பத்தில் இவ்வளவுதான் சரக்கு. அப்புறம் பருத்தியும் புகையிலையும் சேர்ந்துகொண்டன. போகிற வழியெல்லாம் கரிசல் காடு. வழிப்பறிக்குப் பஞ்சமில்லாத காலம். பொழுது சாய்ந்த பிறகு சரக்கு வண்டியோடு நடுவழியில் நின்றால், விடியும்போது சரக்கும் இருக்காது, மாடும் இருக்காது.

அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழிதான் ‘பேட்டை’. நாலு பக்கமும் சுவர் எழுப்பிய ஒரு பெரிய வளாகம். வண்டிகளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். சிவகாசி, விருதுநகர் (அப்போது அது விருதுபட்டி, 1923-ல்தான் விருதுநகர் ஆனது), சாத்தங்குடி, அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் என்று ஆறு ஊர்கள் இப்படித்தான் வியாபாரத் தலங்களாக வளர்ந்தன. பேட்டையைப் பயன்படுத்துகிறவர்கள் ஒரு தொகை கொடுக்க வேண்டும். வியாபாரத்திலும் இத்தனை மூட்டைக்கு இவ்வளவு என்று பொதுவுக்கு ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். அதற்குப் பெயர் மகிமை. அடியேன் படித்தது பி.காம். என்னைக் கேட்டால், தணிக்கையாளர் யாரும் வராமலேயே தலைமுறை தலைமுறையாக நடந்த ஒரு கூட்டு நிதி அது.

சரி, சோற்றுக்கு வருவோம். சத்திரங்கள் இல்லையா, அங்கே போய்ச் சாப்பிட்டிருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். சத்திரங்கள் இருந்தன. ஆனால் உள்ளே போனதும் முதலில் கேட்கப்படுவது ‘எந்த ஊர்?’ அல்ல, ‘எந்த ஜாதி?’ கோயிலுக்குள் நுழையவே இந்த வியாபாரிகளுக்கு அனுமதி இல்லாத நாள்கள் அவை. 1897-ல் கமுதியில் கோயிலுக்குள் நுழைந்ததற்காக இவர்கள் மேல் போடப்பட்ட வழக்கு, கடைசியில் லண்டன் ப்ரிவி கவுன்சில் வரைக்கும் போனது. 1908-ல் அங்கேயும் தோல்வி. இடையில் 1899-ல் சிவகாசி பற்றி எரிந்தது.

கோயில் வாசலில் நிற்க வைக்கப்பட்டவர், சத்திரத்துப் பந்தியில் எந்த மூலையில் உட்காருவார்? உட்கார விட்டாலும் எப்படிச் சாப்பிடுவார்? தன் வண்டி, தன் பானை, தன் சோறு என்று இருந்தால் யாரிடமும் கையேந்தி நிற்க வேண்டாம் அல்லவா! என் அக்கா மகன் வண்டியில் சமைப்பது ஜாலிக்காக. இவர்கள் சமைத்தது மானத்துக்காக. கூடவே காசும் மிச்சமானது. வழிச்செலவு குறைந்தால் அந்தப் பணம் அடுத்த நடையில் இன்னொரு மூட்டையாக ஏறிவிடும்.

வண்டியில் என்னதான் கொண்டுபோனார்கள்?

அரிசி என்று நினைத்தால் தப்பு. மழையை நம்பிய கரிசலில் அன்றாடச் சோறு என்றால் கம்பும் சோளமும்தான். நெல்லுச்சோறு எல்லாம் பண்டிகைக்கு. கம்பஞ்சோற்றைக் கெட்டியாகக் கிண்டி, கைக்கடங்கும் உருண்டைகளாக உருட்டி, பானைத் தண்ணீரில் போட்டுவிடுவார்கள். மறுநாளைக்கு லேசாகப் புளிக்கும். புளிக்கப் புளிக்க ருசி. ஒரு உருண்டையை எடுத்துக் கரைத்து, உப்பைப் போட்டு, சின்ன வெங்காயத்தையும் மிளகாயையும் கடித்துக்கொண்டால் தீர்ந்தது விஷயம். அடுப்பே வேண்டாம். மேலே நிற்கும் நீச்சத்தண்ணி வெயிலுக்கு மருந்து.

அடுப்பு மூட்டுகிற நாளில் பருத்திமார் இருக்கவே இருக்கிறது. பஞ்செடுத்த பிறகு காட்டில் காய்ந்து கிடக்கும் பருத்திச் செடிக் குச்சிதான் அது. குப்பென்று பற்றும், சட்டென்று அடங்கிவிடும். அதனால் நீண்ட நேரம் வேகிற சமையல் வண்டிக்கு ஆகாது. ஒரே பானை, ஒரே கொதி. கருவாடும் புளியும் மிளகாயும் உப்பும் சேர்ந்தால் ஒரு குழம்பு. பல் துலக்கியதும் வாயில் போட்டுக்கொள்ள ஒரு துண்டு கருப்பட்டி.

நெருப்பே கூட்ட முடியாத மழை நாளுக்கு அவலும் பொரிவிளங்காய் உருண்டையும். இந்த உருண்டையைச் சாப்பிட்டிருக்கிறீர்களோ? வறுத்த மாவில் வெல்லப்பாகை ஊற்றி, கை பொறுக்கிற சூட்டில் பிடிப்பது. ஆறிவிட்டால் கல். மாதக்கணக்கில் கெடாது. ஈரமே இல்லையென்றால் கிருமி எங்கே வளரும்? (உடைக்க முயன்ற என் கடைவாய்ப் பல் போனது தனிக்கதை.)

அரிசி சுலபமாகக் கிடைக்க ஆரம்பித்த பிறகு கட்டுச்சோறு என்றால் புளிச்சோறு என்றாகிவிட்டது. அதில் இருக்கும் விஞ்ஞானம் எளிமையானது. புளியின் புளிப்பு, உப்பு, நல்லெண்ணெய் மூன்றும் கிருமிக்கு ஆகாதவை. புளிக்காய்ச்சலை எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை சுண்டவிட வேண்டும். சோற்றை உதிரியாக வடித்து, நன்றாக ஆறவிட்டு, அப்புறம்தான் கிளற வேண்டும். சூட்டோடு கிளறி மூடிவைத்தால் ஆவி வேர்த்து, சாயங்காலமே ஊசிப்போகும். அந்தக் காலத்துப் பெண்களுக்கு பாக்டீரியா என்ற வார்த்தை தெரியாது, அவ்வளவுதான். பாக்டீரியாவைத் தெரிந்திருந்தது.

இதே காலத்தில் உலகத்தின் அந்தக் கோடியில் என்ன நடந்தது தெரியுமா? 1866-ல் டெக்ஸாஸில் சார்லஸ் குட்நைட் என்ற மாட்டுப் பண்ணைக்காரர், பட்டாளத்துப் பழைய வண்டி ஒன்றை வாங்கி, பின்பக்கம் பெரிய அலமாரி ஒன்றைப் பொருத்தினார். மாட்டு மந்தையை மாதக்கணக்கில் ஓட்டிப்போகும் கௌபாய்களுக்கு நடமாடும் சமையல்கட்டு. அலமாரிக் கதவைக் கீழே இறக்கினால் அதுவே மேஜை. உள்ளே காய்ந்த பீன்ஸ், உப்புப் போட்ட பன்றிக்கறி, காபிக்கொட்டை. நாலாயிரம் சினிமாவில் நாம் பார்த்த ‘சக் வேகன்’ இதுதான். நம்ம ஆள்களின் வண்டியை எந்த சினிமாவிலும் காட்டவில்லை.

வண்டிகள் கொடுத்த மகிமைப் பணம் சும்மா இருக்கவில்லை. 1889-ல் விருதுபட்டியில் க்ஷத்திரிய வித்தியாசாலா என்ற பள்ளிக்கூடம் எழுந்தது. அதை நடத்த வீடுவீடாகப் பிடி அரிசியும் வாங்கினார்கள். தினமும் உலை வைக்கும்போது வீட்டுக்காரம்மா ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துப் பானையில் தனியாகப் போட்டுவிட வேண்டும். அந்தப் பிடி அரிசிப் பள்ளியில் படித்த ஒரு பையன், பின்னாளில் முதலமைச்சராகி 1956-ல் பள்ளிக்கூடங்களில் மதியச் சோறு போட்டார். பெயரை நான் சொல்ல வேண்டுமா என்ன?

1876-ல் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே ரயில் ஓட ஆரம்பித்ததுமே தூரத்துச் சரக்கு ரயிலுக்கு மாறத் தொடங்கியது. பிறகு வந்தது லாரி. மாட்டு வண்டிச் சமையல் அப்படியே லாரிக்கு இடம் மாறியது.

அந்த லாரிச் சமையலை நான் நேரிலேயே பார்த்தேன். பத்திரிகை வேலையில் சேர்ந்த புதிது. சிவகாசியிலிருந்து காலண்டர் ஏற்றிக்கொண்டு விஜயவாடா போன லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டேன். பக்கவாட்டில் டூல் பாக்ஸ் இருந்தது. ஸ்பானர் இருக்கும் என்று நினைத்தால், திறந்ததும் மிளகாய்ப்பொடி வாசனை! மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு குண்டான், ஒரு வாணலி, அரிசிப் பை, புளி, பூண்டு, முட்டை அட்டை. குட்நைட் பார்த்திருந்தால் கட்டிப்பிடித்திருப்பார். லாரி நிழலில் உட்கார்ந்து, காற்றுக்குத் தார்ப்பாயை மறைத்து, கிளீனர் தம்பி அரை மணி நேரத்தில் சோறும் தக்காளித் தொக்கும் முடித்துவிட்டான். மறுநாள் அரிசியும் பருப்பும் சேர்த்த ஒரே பானைச் சாதம். மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்பு, பூண்டு, சின்ன வெங்காயம், மிளகாய் வத்தல். தனியாகக் குழம்பு வேண்டாம்.

‘ஹோட்டல்ல சாப்பிட்டா பேட்டா பூரா வயித்துக்குள்ளயே போயிரும் சார்’ என்றார் டிரைவர். அதே கணக்கு! நூறு வருடத்துக்கு முன்னால் வண்டிக்காரர் போட்ட கணக்கு.

நான் அவரிடம் கேட்ட அடுத்த கேள்விதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். ‘பட்டாசு லோடு ஏத்தினாலும் இப்படித்தானா?’

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். சிவகாசியில் தீப்பெட்டி வந்தது, அதன் பின்னாலேயே பட்டாசு வந்தது. நாடு முழுக்க அடுப்பு பற்றவைக்க நெருப்பு கொடுத்த ஊர் அது. அந்த ஊரின் பட்டாசு லாரியில் மட்டும் ஒரு தீக்குச்சி உரசக் கூடாது. பட்டாசு ஏற்றிய வண்டியிலோ பக்கத்திலோ நெருப்பும் பீடியும் ஆகாது என்கின்றன வெடிபொருள் விதிகள். ஸ்டவ் மட்டும் எப்படி ஆகும்?

பயம் வெறும் பயமில்லை. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் ஏறக்குறைய நாற்பது பேர் இறந்தார்கள். 2016 அக்டோபரில் சிவகாசி நகருக்குள்ளேயே பட்டாசுக் கிடங்கில் பிடித்த தீயின் புகை, பக்கத்து ஸ்கேன் மையத்துக்குள் புகுந்து, உள்ளே இருந்தவர்களில் பலரைக் கொன்றது.

ஆலைக்குள்ளும் இதே கதைதான். மருந்து அறையில் சோற்றுப் பாத்திரம் கூடாது. விடியுமுன்னே கிராமத்து வாசலில் ஆலை வண்டி வந்து நிற்கும். அதற்கு முன்பே எழுந்து பொங்கிய சோறு தூக்குவாளியில் ஆறிப்போய்க் காத்திருக்கும். மதியம் அலுமினியப் பவுடர் அப்பிய வெள்ளிக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுச் சாப்பிட வேண்டும். 1980-களில் அந்த விடியற்கால வண்டிகளில் தூங்கிவழிந்தபடி ஏறிய தீப்பெட்டித் தொழிலாளர்களில் பலர் பள்ளிக்கூடம் போகிற வயதுக் குழந்தைகள். பிடி அரிசியில் பள்ளி நடத்திய அதே மாவட்டத்தில்தான்.

‘பட்டாசு லோடுன்னா ஸ்டவ்வையே வீட்டுல வெச்சிட்டு வந்துருவோம் சார்’ என்றார் டிரைவர். முதல் நாள் வீட்டுப் புளிச்சோறு. மறுநாள் எண்ணெயும் பொடியும் தடவிய இட்லி. அதற்கப்புறம் சாத்தூர் சேவு, பொரிகடலை, வாழைப்பழம். டீ வேண்டுமென்றால் லாரியைத் தள்ளி நிறுத்தி, ஒருவர் காவலிருக்க, இன்னொருவர் நடந்து போய்க் குடித்துவிட்டு வர வேண்டும். சுற்றிச் சுற்றி அவர் தாத்தாவின் கட்டுச்சோற்றுக்கே வந்து சேர்ந்திருந்தார்!

‘அப்ப சுடுசோறு எப்போ?’ என்றேன்.

‘லோடு இறக்கிட்டு, தெரிஞ்ச லாரி எதுவும் நின்னா அவங்க ஸ்டவ்வை வாங்கி முதல்ல ரசம் வெப்போம் சார். சோறுகூட அப்புறம்தான். நாலு நாள் கழிச்சு அந்த ரசத்தை டம்ளர்ல ஊத்தி ஊதி ஊதிக் குடிப்போம் பாருங்க...’

கிளீனர் தம்பி அதற்குள் குண்டானைக் கழுவி, கவிழ்த்துவிட்டு, டூல் பாக்ஸைப் பூட்டிக்கொண்டிருந்தான்.