மணாலி பனியில் புது காரும் வழுக்குவது ஏன்?

கார் வாங்கி ஆறே மாதம். டயர் தேயவே இல்லை. ஆனாலும் ஜனவரியில் மணாலியைத் தாண்டி சோலாங் ஏற்றத்தில் சக்கரம் மட்டும் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. டயரில் பழுது இல்லைங்க. பனிக்காகச் செய்த டயரே இல்லை அது.

இங்கே கம்பெனி மாட்டித் தரும் டயர்கள் பெரும்பாலும் வெயில், மழை, மைலேஜ் மூன்றையும் மனதில் வைத்துச் செய்தவை. சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அந்த ரப்பர் இறுகி, பிடிமானம் குறையும். குளிர்கால டயரின் ரப்பர் அப்போதும் இளக்கமாக இருக்கும்; அதன் மெல்லிய வெட்டுகள் பனியைக் கவ்வும். பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனித்துகளும் வரைந்திருந்தால், பனியில் சோதித்துத் தேறிய டயர். வெறும் 'எம் பிளஸ் எஸ்' எழுத்தை நம்பாதீங்க, அதற்குச் சோதனை கட்டாயமில்லை.

"நம்ம வண்டி ஃபோர் வீல் டிரைவ் ஆச்சே!" கிளம்ப உதவும், சரி. பிரேக் போட்டால் நிறுத்த வேண்டியது அதே டயர்தான்.

இரண்டு நாள் டூருக்குப் புது டயர் செட் வாங்குவது வீண் செலவு. உங்கள் டயர் அளவுக்கான ஸ்னோ செயின் போதும். இன்ஜின் இழுக்கும் சக்கரங்களில், அதாவது பெரும்பாலான சின்ன கார்களில் முன்சக்கரங்களில், மாட்டணும். வீட்டிலேயே ஒருமுறை மாட்டிப் பாருங்கள். விரல் விறைத்த பிறகு கற்றுக்கொள்வது கொடுமை. செயினோடு மெதுவாகத்தான் ஓட்டணும். வெறும் தார் வந்ததும் கழற்றிடுங்க.

9 கி.மீ. நீள அடல் சுரங்கத்துக்குள் வேகம் பிடித்தவர்கள் லாஹௌல் பக்க வாசலுக்கு முன்பே குறைத்துவிடுங்கள். உள்ளே காய்ந்த சாலை. வெளியே கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலம் காத்திருக்கலாம்.