தவறான பெயரில் ஒரு வௌவால்

கருவேப்பிலங்குறிச்சியில் விளக்கு வைக்கும் நேரத்தில் வாழைத் தோப்புப் பக்கம் சற்று நின்று பாருங்கள். வாழைப்பூவை நாடிச் சிறு வௌவால்கள் வரும். பனை மரத்திலும் அவை தங்குவதுண்டு. குறுமூக்குப் பழந்தின்னி வௌவால் என்று இவற்றைச் சொல்வார்கள். கொய்யாவைக் கடித்துப் போட்டு வீட்டாரிடம் திட்டு வாங்குவதும் பெரும்பாலும் இவைதாம்.

வௌவால் பறவையன்று, குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பாலூட்டி என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். உலகிலுள்ள ஏறத்தாழ 6,500 பாலூட்டி இனங்களில் 1,400-க்கு மேற்பட்டவை வௌவால்களே. இத்தனை வகையிருந்தும், 'எல்லாம் வௌவால்தானே' என்று நாம் கடந்து விடுகிறோம். அறிஞர்களும் ஒருமுறை அப்படித்தான் கடந்து சென்றார்கள்.

1948-ஆம் ஆண்டு. அந்நாளைய மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் என்ற இயற்கை ஆர்வலர் ஒரு வௌவாலைப் பிடித்தார். அது பதப்படுத்தப்பட்டு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் இடம் பெற்றது. பார்வைக்கு நம் ஊர் வௌவாலைப் போலவே இருந்ததால், குறுமூக்குப் பழந்தின்னி என்றே சீட்டு எழுதிக் கட்டிவிட்டார்கள்.

நான் பௌதிகம் கற்பிப்பவன். வெர்னியர் அளவியின் பூச்சியப் பிழையைப் பாராமல் எடுத்த அளவை எத்தனை முறை படியெடுத்தாலும் அது தவறான அளவுதான். அந்தச் சீட்டும் அப்படித்தான் ஆண்டுக்கணக்கில் கிடந்தது.

பின்னர் தாய்லாந்து நாட்டு விலங்கியல் அறிஞர் கிட்டி தோங்லோங்யா அந்த உடலை எடுத்துப் பார்த்தார். சீட்டை நம்பாமல் பல்லை எண்ணினார். குறுமூக்கு வௌவாலுக்கு மேல்தாடையில் இரண்டு ஜோடி வெட்டுப் பற்கள். இதற்கோ ஒரே ஜோடி. அதற்குச் சிறு வால் உண்டு. இதற்கு வாலே வெளியில் தெரியவில்லை. ஆகவே இது புதிய இனம் மட்டுமன்று, புதிய பேரினமே என்று 1972-இல் அறிவித்தார். பறவையியல் அறிஞர் சலீம் அலியைச் சிறப்பிக்கும் வகையில் 'லாட்டிடென்ஸ் சலீம்அலியை' என்று பெயரிட்டார்.

அதே 1972-இல்தான் நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் ஐந்தாம் அட்டவணை, எலி, காகத்தோடு பழந்தின்னி வௌவால்களையும் தீங்குயிர் என்று ஒரே சொல்லில் சேர்த்துவிட்டது. ஒரே ஒரு மாதிரியால் மட்டும் அறியப்பட்ட ஓர் அரிய உயிரும் அந்தச் சொல்லில் அடங்கிப் போயிற்று! பெயர் சரியாக இல்லாத உயிருக்குப் பாதுகாப்பும் சரியாக அமைவதில்லை.

1993-இல் மேகமலையில் அது மறுபடி உயிருடன் கண்டறியப்பட்டது. பின்னர் களக்காடு–முண்டந்துறைக் காடுகளிலும் காணப்பட்டது. குகைகளில் தங்கி, காட்டுப் பழங்களைத் தின்று, விதைகளைத் தொலைவில் கொண்டு சேர்க்கிறது. பின்னாளில் சட்டத்தின் முதல் அட்டவணைப் பாதுகாப்பும் அதற்குக் கிடைத்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் தீங்குயிர்களின் அந்தப் பழைய அட்டவணையையே நீக்கிவிட்டது. எனினும், இன்றும் அது அழியும் நிலையிலுள்ள இனமே.

நம் ஊர் வௌவாலும் விதை பரப்பும் வேலையைத்தான் செய்கிறது. அடுத்த முறை கொய்யா மரத்தடியில் கல்லெடுக்கும் முன், மேலே தொங்குவது எது என்று ஒருமுறை உற்றுப் பாருங்கள்.